நன்றியுரை: மணவாளன்

புதுவாயல் கூட்ரோட்டில் கட்சிக் கூட்டம் எது நடந்தாலும் நோட்டீஸின் கடைசி வரியில் மணவாளன் இருப்பார். தலைமை ஒருவர், முன்னிலை நாலைந்து பேர், வரவேற்புரை ஒன்றியச் செயலாளரின் மச்சான், சிறப்புரை கலர் எழுத்தில். எல்லாருக்கும் கீழே, அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில்: நன்றியுரை – தோழர் மணவாளன், தாங்கல்மேடு கிளை.

நன்றியுரை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். மணவாளன் மைக்கைப் பிடிக்கும்போது ஜனம் பின்பக்கத்து மணலைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கும். பெண்கள் தூங்கிப்போன பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். சிறப்புரை காரில் ஏறியிருக்கும். மைக் செட் பூவராகவன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருப்பான். மணவாளன் இதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. தலைவர் அவர்களே, மாவட்டம் அவர்களே என்று ஒருவரையும் விடாமல் நன்றி சொல்லித்தான் இறங்குவார். வருசக்கணக்கில் இப்படிச் சொல்லிச் சொல்லி, எந்த முதுகு எந்த ஊர்க்காரனுடையது என்று தூரத்திலிருந்தே சொல்லும் திறமை அவருக்கு வந்திருந்தது.

அந்தக் கட்சியில் ஆட்களுக்குப் பெயர் புழக்கத்தில் இல்லை. மாவட்டச் செயலாளர் ‘மாவட்டம்’, ஒன்றியச் செயலாளர் ‘ஒன்றியம்’. மாவட்டத்துக்கு வயிறு சரியில்லை என்பார்கள். ஒன்றியம் தன் பெண்ணுக்கு வரன் தேடுகிறது என்பார்கள். மணவாளன் ‘கிளை’. ஊரில் யாருக்காவது பிரசவ வலி எடுத்தால் கிளையின் மாட்டு வண்டிதான் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனால் கிளைதான் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும். இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. கட்சி ஆட்சியைப் பிடித்ததும் மாவட்டத்துக்கு ஒரு காரும், ஒன்றியத்துக்கு ஒரு ரோடு காண்டிராக்டும் வந்தன. மணவாளனுக்கு ஒரு விசில் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய ஒரே மகள் முத்தம்மாள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, மாசி மாதத்தில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் மணவாளன் டீக்கடைக்குப் போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு, “எம் பேத்திக்குத் தலைவரு வாயாலதான் பேரு” என்று அறிவித்துவிட்டார். கட்சியில் அது வழக்கம். தலைவர்கள் வருகிற வழியில் குழந்தையை நீட்டுவார்கள். அவர்கள் ஒரு தமிழ்ப் பெயரைச் சூட்டிவிட்டுப் போவார்கள்.

தலைவர் சித்திரையில் வருவதாக இருந்தது. தொண்டை கட்டிக்கொண்டது. ஆனியில் வருவதாக இருந்தது. சட்டசபை கூடிவிட்டது. ஆவணியில் எங்கோ இடைத்தேர்தல். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, இரண்டு பல்லும் முளைத்தது. பெயர் மட்டும் முளைக்கவில்லை. எத்தனை நாள்தான் ஊர் பொறுத்துக்கொள்ளும்? அதுவாகவே ஒரு பெயர் வைத்துவிட்டது.

“இன்னா முத்தம்மா, மீட்டிங்கு தூங்குதா?”

“மீட்டிங்குக்குப் பல்லு மொளச்சிடுச்சாமே!”

இதில் கொடுமை என்னவென்றால், மீட்டிங்கு என்று கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

*

ஐப்பசி பிறந்து ஏரியில் தண்ணீர் பிடித்திருந்தது. மணவாளனின் மனைவி செல்லியம்மாள் நாற்றங்காலில் முழங்கால் சேற்றில் நின்று நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கைப்பிடி சேர்ந்ததும் காலில் அடித்து வேர்ச்சேற்றைக் கழுவி, வைக்கோல் புரியால் முடிந்து பின்னால் எறிவாள். வரப்புப் பனைமரத்தடியில் முத்தம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாற்று முடிகளை எண்ணாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். பழவேற்காட்டு மீன்காரி கங்கம்மா தலையில் கூடையோடு வரப்பில் ஆடி ஆடி வந்தாள். தாங்கல்மேட்டில் விற்று மிஞ்சியதைப் பெரியபாளையத்தில் விற்றுவிட்டுத் திரும்புகிறவள் அவள். முத்தம்மாளின் மாமியார் அங்காளம்மாளுக்கு அங்கே அம்மன் கோயிலுக்கு எதிரே தேங்காய், குங்குமம், வேப்பிலை விற்கிற கடை. அதனால் இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் தபால் கங்கம்மாதான்.

“யக்கா, ஒரு கை புடி. கழுத்து நோவுது.”

செல்லியம்மாள் கரையேறிக் கூடையை இறக்கினாள். “இன்னாடி கீது?”

“கருவாடு கீது. சம்மந்தியம்மா குட்த்தனுப்பன சேதியும் கீது. ரெண்டுல சேதிதான் நாத்தம்.”

“சொல்லு.”

“தீவாளிக்குள்ள கொயந்தைக்குப் பேர வெச்சி இட்டாந்து வுடணுமாம். பேரில்லாத கொயந்தைய அம்மன் எதிர்ல காட்டி இன்னா சொல்லித் துண்ணூறு வெக்கறதுன்னு கேக்குது. தீவாளி தாண்டிச்சின்னா ஆத்தாளையும் கொயந்தையையும் உங்க கட்சியே வெச்சிக்கச் சொல்லுன்னுச்சி.”

“அது வாய்தான் அப்டி. மனசு நல்ல மனசு.”

“மனசுல இன்னா கீதுன்னு நான் கண்டனா? கடையில இன்னா கீதுன்னு பாத்தேன். அத்தோட தம்பி பொண்ணு ஊத்துக்கோட்டையிலேந்து வந்து குங்குமம் மடிச்சிக்கினு கீது. சனிக்கெயம மாப்ள எண்ணூர் கம்பெனிலேந்து வந்தா அதான் சோறு போடுதாம்.” கங்கம்மா சட்டென்று குரலை இறக்கினாள். “நான் சொன்னேன்னு சொல்லிடாத.”

செல்லியம்மாள் மறுபடி சேற்றில் இறங்கினாள். அதன் பிறகு அவள் பிடுங்கிய நாற்றில் பாதி வேரறுந்து வந்தது. முத்தம்மாள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

*

மத்தியானம் கேழ்வரகுக் களியும் அந்தக் கருவாட்டுக் குழம்பும். மணவாளன் கட்சித் துண்டை மடித்துத் தோளில் போட்டபடியே உட்கார்ந்து சாப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

“வர்ற வெள்ளிக்கெயம தலைவரு கும்முடிப்பூண்டி கூட்டத்துக்கு நம்ம ரோட்டாலதான் போறாரு. புதுவாயல்ல நிப்பாட்டறாங்க. ஒன்றியமே சொல்லிட்டாரு.”

“வெள்ளிக்கெயம எனக்கு நடவு. ஆளு சொல்லியாச்சி” என்றாள் செல்லியம்மாள்.

“தலைவரு வர அன்னிக்கி நடவா? யாராச்சும் கேட்டா சிரிப்பாங்கமே.”

“நாத்து முத்திப்போச்சி. தலைவருக்குத் தொண்ட கட்னா நாத்து காத்துக்கினு இருக்குமா?” அவள் இன்னொரு களி உருண்டையை அவர் தட்டில் அழுத்தி வைத்தாள். “யோவ், நான் ஒண்ணு கேக்கறேன். நீயே ஒரு பேர வெச்சி இன்னிக்கே அனுப்பிட்டா இன்னாய்யா? நாளைக்கி அந்த ஊத்துக்கோட்டக் குட்டி அந்த ஊட்டுலயே தங்கிட்டா, உன் ஒன்றியமா வந்து எம் பொண்ணுக்கு நாயம் கேப்பாரு?”

“வாக்கு குட்த்துட்டனே. அத்தினி பேரு எதிர்ல சொல்லிட்டு, நானே வெச்சா கட்சிக்காரன் மூஞ்சில எப்டி முயிப்பேன்?”

“கட்சிக்காரன் மூஞ்சிய நீ எப்பய்யா பாத்த? முதுவத்தான பாக்கற.”

மணவாளன் களியைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். அதை மெல்ல வேண்டியதில்லை என்றாலும் வெகுநேரம் மென்றார். உள்ளேயிருந்து முத்தம்மாள் மெதுவாகச் சொன்னாள்: “வெள்ளிக்கெயம வரைக்கும் பாக்கலாம்மா. நைனா சொல்றாரு இல்ல.”

மணவாளன் மீதிக் களியை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

*

வெள்ளிக்கிழமை மேடைக்குக் கழி போதவில்லை. ஒன்றியம் அனுப்புவதாகச் சொன்ன கழி வழக்கம்போல வந்துகொண்டே இருந்தது. மணவாளன் தன் மாட்டுக் கொட்டகையின் கழிகளை உருவி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கூரை போன கொட்டகையில் இரண்டு கறவை மாடும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. கடல் பக்கம் மேகம் கறுத்திருந்தது.

பூவராகவன் ஒரு புனல் ஸ்பீக்கரை மேடையிலும் இன்னொன்றைப் பெரியபாளையம் பஸ் நிற்கிற புளியமரத்திலும் கட்டினான். “அண்ணே, டெஸ்டிங்கு நான் சொல்லட்டா, நீங்க சொல்றீங்களா?” என்று கேட்டான். மணவாளன் கடைசியில் பேசுகிறவர் என்பதால் முதலில் பேச ஒப்பவில்லை.

சாயங்காலம் அந்தப் புளியமரத்தடியில் பஸ்ஸிலிருந்து அங்காளம்மாள் இறங்கினாள். நெற்றி நிறையத் திருநீறு, கையில் மஞ்சள் பை. மணவாளன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓடினார்.

“வாங்க சம்மந்தி. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. காப்பி சாப்புடுங்க.”

“காப்பிக்கா பஸ் ஏறி வந்தேன்? இதப் பாரு, உங்க தலைவரு வந்து பேரு வெச்சா, அதுங்கள இட்டுக்கினு போறேன். வெக்காங்காட்டி நான் மட்டும் போறேன். அதுக்கப்புறம் எங்க ஊட்டு வாசல்ல வந்து பேஜாரு பண்ணக் கூடாது. எட்டு மாசமா எம் புள்ள சனிக்கெயம சனிக்கெயம வந்து செவத்தப் பாத்துக்கினு படுத்துக்கினு கீறான்.”

“இன்னிக்கி முடிஞ்சிடும் சம்மந்தி.”

“ஆமா. ரெண்டுல ஒண்ணு முடிஞ்சிடும்.”

தலைவர் பெயர் வைக்கிறார் என்ற சேதி சுற்றுவட்டாரமெல்லாம் பரவியிருந்தது. இடுப்பிலும் தோளிலுமாகக் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தன. ஏற்கெனவே பெயர் வைத்த குழந்தைகளும் இருந்தன. இலவசமாகக் கிடைக்கிற இன்னொன்றை ஏன் விடுவது? கால்சட்டை போட்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஒருவனைக்கூட அவன் அம்மா கஷ்டப்பட்டு இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள்.

முத்தம்மாள் மத்தியானமே வந்து, கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றையொட்டி முன்வரிசையில் நின்றிருந்தாள். கூட்டம் நெருக்க ஆரம்பித்ததும் மணவாளனுக்குள் இருந்த கிளைச் செயலாளர் விழித்துக்கொண்டார். விசில் ஊதினார்.

“பொதுஜனம் முன்னால! கட்சிக்காரங்க ஊட்டுக் கொயந்த பின்னால! யாரும் இடிக்கக் கூடாது!”

கட்சிக்காரர்கள் யாரும் அசையவில்லை. அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மகளின் கையைப் பிடித்தார்.

“நைனா, நான் மொதல்லயே வந்து நின்னுக்கினு கீறேன்.”

“தெரியும்மா. நம்ம ஊட்லேந்து ஆரம்பிச்சாத்தான் மத்தவன் கேப்பான். கடேசில நில்லு. கடேசிக் கொயந்தைய தலைவரு நல்லா ஞாபகம் வெச்சிப்பாரு.”

தன் கையாலேயே அவளைக் கடைசிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அதைப் பார்த்தும் மற்ற கட்சிக்காரர்கள் அசையவில்லை. அந்த ரோட்டிலேயே அந்த விதிக்குக் கட்டுப்பட்ட கட்சிக்காரக் குழந்தை அது ஒன்றுதான்.

தலைவரின் கார் வந்தபோது தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மேடை ஏற நேரமில்லை என்று முன்சீட்டிலிருந்த மாவட்டம் கையைக் காட்டியது. கார்க் கண்ணாடி இறங்கியது. ஜனம் அலைபோல மேலே விழுந்தது. மணவாளன் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, காலைத் தரையில் ஊன்றி, ஏர் மாடு மாதிரி பின்னால் சாய்ந்து நின்றார். குழந்தைகள் ஒவ்வொன்றாய் ஜன்னலுக்குள் போய்த் திரும்பின.

“ஆணா? வெற்றிவேந்தன்.”

“பெண்ணா? வெற்றிச்செல்வி.”

“இது? வெற்றிவேந்தன்.”

முறுக்குத் தின்ற பையன், “எம் பேரு கோபாலு” என்று தகவல் சொன்னான். “இனிமேல் வெற்றிவேந்தன்” என்று தலைவர் அவன் கன்னத்தைத் தட்டினார். (பின்னாளில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வெற்றிவேந்தா என்று கூப்பிட்டால் பெஞ்சுப் பெஞ்சாக எழுந்து நின்றார்கள்.)

தூறல் வலுத்தது. ஒன்றியம் கைக்கடிகாரத்தைத் தலைவர் கண்ணில் படும்படி திருப்பிப் பார்த்தது. கண்ணாடி ஏறப்போகும் நேரத்தில், கயிற்றோடு நனைந்துகொண்டு நின்ற மணவாளன் தலைவரின் கண்ணில் பட்டார்.

“இதுதான் கட்டுப்பாடு! உங்க பேரென்ன?”

இத்தனை வருசத்தில் அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. விசில் வாயிலிருந்து விழுந்தது.

“மணவாளன், தலைவரே! கிளை!”

“வாழ்த்துகள்” என்றார் தலைவர். மணவாளனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உடனே விசிலைப் பொறுக்கி வாயில் வைத்து, கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, காருக்கு வழி பண்ணிக் கொடுத்தார். கார் சேற்றை வாரி அடித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் பறந்தது. அவர் சல்யூட் அடித்த கையை இறக்காமலே நின்றார்.

பிறகு திரும்பினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம், சாலையோரத்தில், குழந்தையின் தலையில் முந்தானையைப் போர்த்தியபடி முத்தம்மாள் தனியாக நின்றிருந்தாள்.

*

மழைக்குப் பயந்து ஜனம் கலைந்தது. பாதிப் பேர் கார் போன திசையில் சைக்கிளில் போனார்கள். பூவராகவன் ஒயரில் கை வைத்தான். அங்காளம்மாள் முத்தம்மாளிடம் வந்து குழந்தையின் காலை ஒருமுறை தொட்டாள்.

“நான் வரேன். கொயந்தைய நனைய வுடாத” என்றாள். மணவாளன் பக்கம் பார்க்கவே இல்லை. புளியமரத்தை நோக்கி நடந்தாள்.

செல்லியம்மாள் நடவை முடித்துவிட்டு, முழங்கால் சேறு காயாமல், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கூடவே காலிக் கூடையோடு கங்கம்மா. மகளின் முகத்தைப் பார்த்ததும் செல்லியம்மாளுக்கு எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை.

“பேர கேட்டாருமே” என்றார் மணவாளன், திக்கித் திக்கி. “எம் பேர கேட்டாரு.”

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“நல்லதாப் போச்சி.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். “மேடையில ஏறுய்யா. உன் வேல இன்னும் பாக்கி கீதில்ல? நோட்டீசுல போட்டுக்கீதே.”

“யாருமே இல்லியே.”

“என்னிக்கி இருந்தாங்க? ஊருக்கெல்லாம் நன்றி சொல்ற வாயி, எங்களுக்கு ஒரு நாளு சொன்னா கொறஞ்சிடுமா? போ. பேருன்னு எதுனா இருந்தா அதயும் சொல்லு.”

மணவாளன் மேடை ஏறினார். கொட்டகைக் கழி அவர் பாரத்தில் முனகியது. “பூவராகவா, ஒயர வுடு” என்றார். மைக்கைப் பிடித்தார். எதிரே ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு மீன்காரி. தூரத்தில் புளியமரத்தடியில், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முதுகு. எத்தனையோ முதுகுகளுக்குப் பேசியிருக்கிறார். ஒன்றையாவது திருப்பியதில்லை. இதைத் திருப்பாவிட்டால் மகள் இந்த ரோட்டோரத்திலேயே நின்றுவிடுவாள் என்று அவருக்குப் புரிந்தது.

“பேரன்புமிக்க…” என்று ஆரம்பித்தார். யாரைச் சொல்வது? மாவட்டம் போய்விட்டது. ஒன்றியம் போய்விட்டது. சாக்குக்குள் நின்றவளைப் பார்த்தார்.

“பேரன்புமிக்க செல்லியம்மாள் அவர்களே.”

சாக்குக்குள் அவள் தலை நிமிர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து ‘இந்தாமே’ தவிர வேறு பெயரில் அவர் அவளைக் கூப்பிட்டதில்லை.

“நான் கொடி புடிச்ச நாளெல்லாம் என் நெலத்துல நாத்து புடிச்ச செல்லியம்மாள் அவர்களே, உமக்கு நன்றி. கருவாட்டோட சேதியும் சொமந்துக்கினு வந்த கங்கம்மா அவர்களே, நன்றி. மேடைக்குக் கழி குட்த்துட்டு மயையில நனைஞ்சிக்கினு இருக்கிற எங்க ஊட்டு மாடுங்களுக்கும் நன்றி.”

“என்ன வுட்டுட்டீங்களேண்ணே” என்றான் பூவராகவன்.

“மைக் செட் பூவராகவன் அவர்களே, நன்றி. கடேசில நில்லுன்னு சொன்னதும் நின்ன எம் பொண்ணு முத்தம்மாள் அவர்களே…” ஒருமுறை இருமிக்கொண்டார். “நன்றி. இவருடைய பெண் குழந்தைக்கு, இந்தக் கிளையின் சார்பில்…”

வெற்றியும் தமிழும் செல்வியும் வேங்கையுமாக எட்டு மாசமாக அவர் யோசித்து வைத்திருந்த பெயர்கள் தொண்டைவரை வந்தன. புளியமரத்து முதுகைப் பார்த்துக்கொண்டே அத்தனையையும் விழுங்கினார்.

“…அங்காளம்மாள் என்று பெயர் சூட்டுகிறேன்!”

சாமி இல்லை என்கிற அந்தக் கட்சியின் மைக்கில் அதுவரை எந்தக் குழந்தைக்கும் அம்மன் பெயர் சூட்டியதில்லை. பூவராகவனின் வாய் பிளந்தது. புளியமரத்துப் புனலிலிருந்து, நேரே அதற்குக் கீழே நின்றிருந்தவள் தலையில், அங்காளம்மாள் என்று இடி மாதிரி விழுந்தது. யாரோ தன்னை அதட்டிக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அதே நேரம் பஸ் வந்து நின்றது. “ஏறும்மா, ஏறு” என்றான் கண்டக்டர்.

“நீ போடா” என்று அவனை அனுப்பிவிட்டு, மஞ்சள் பையை ஆட்டிக்கொண்டு அங்காளம்மாள் மேடைக்கு எதிரே வந்து நின்றாள்.

“யாரக் கேட்டு எம் பேர வெச்ச?”

“யாரையும் கேக்கல சம்மந்தி.”

“கட்சிக்காரரு வாயில சாமி பேருலாம் வருது?”

“சாமி பேர நான் எதுக்குச் சொல்றேன்? ஆளு பேரத்தான சொன்னேன்.”

“தலைவரு வாயாலதான் பேருன்னு குதிச்சியே?”

மணவாளன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். “அவரு ஊருக்குத் தலைவரு. ஊருக்கெல்லாம் ஒரே பேரா வெச்சிட்டுப் போயிட்டாரு. உங்க ஊட்டுக்குத் தலைவரு நீங்கதான சம்மந்தி. அதான் உங்க பேரு.”

அங்காளம்மாளின் உதடு கோணியது. கோபத்தில் கோணியதா, வேறெதிலா என்று மழையில் சரியாகத் தெரியவில்லை. கையை நீட்டினாள். “குடு இங்க.”

குழந்தை அவள் தோளுக்குப் போனது. “அடியே… அங்காளம்மா” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். “தூ, என்ன நானே கூப்ட்டுக்கற மாதிரி கீது.” பிறகு முத்தம்மாள் பக்கம் திரும்பினாள். “இன்னா மரம் மாதிரி நிக்கற? துணி மூட்டைய எடு. அடுத்த பஸ்ஸு வந்துடும். கடையில குங்குமம் மடிக்க நீ இருந்தா போதும், வேற ஆளு எனக்கெதுக்கு? இனிமே எவனாச்சும் இத்த மீட்டிங்குன்னு கூப்ட்டான், நாக்க அறுத்துடுவேன். அது எம் பேரு.”

கங்கம்மா கூடைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு சிரித்தாள்.

செல்லியம்மாள் மேடையருகில் வந்தாள். “இத்தினி வருசத்துல இன்னிக்கித்தான்யா நீ அரசியல் பண்ண” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பஸ் வந்தது. முத்தம்மாள் மூட்டையோடு முன்னால் போனாள். ஏறும்போது ஒருமுறை திரும்பி, “வரேன் நைனா” என்றாள். பின்னால் அங்காளம்மாள், அகலமான முதுகைக் காட்டிக்கொண்டு. மணவாளன் வழக்கம்போல அந்த முதுகைப் பார்த்தார். அதன் மேல், தோளில் தாடையை வைத்துக்கொண்டு, இரண்டு பல்லும் தெரிய, அவரையே பார்த்தபடி ஒரு முகம் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணே, நன்றி வணக்கம் சொல்லி முடிக்கலியே” என்றான் பூவராகவன்.

மணவாளன் மைக்கைப் பிடித்தபடி பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் மறைந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

“பாத்தது போதும், எறங்கு” என்றாள் செல்லியம்மாள். “கழிய அவுரு. மாடு நனைஞ்சிக்கினு கீது.”